மின்விசிறிக்குப் பயந்த பந்து

அவையின் நடுவே அமர்ந்து, என் பேச்சு எங்கே நீண்டுவிடுமோ என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட அன்புத் தலைவர், எங்கள் கல்லூரி முதல்வர் அவர்களே! கோட்டாற்றுக் கடைத்தெருவின் நெரிசலைக் கடந்தும் குறித்த நேரத்துக்கு வந்து, எங்களையெல்லாம் வெட்கப்படுத்திய சிறப்பு விருந்தினர் அவர்களே! அடிபட்ட முழங்கால்களுக்கு மருந்தும் அடங்காத வாய்களுக்கு அதட்டலும் அளவறிந்து வழங்கும் உடற்கல்வி இயக்குநர் கிருஷ்ணமணி அவர்களே! எங்களை நம்பி மண்டபத்தின் சாவியைத் தந்த எங்கள் திருச்சபையின் பெரியோர்களே! வியர்வை ஊறிய சட்டைகளைத் துவைத்துத் துவைத்தே இந்த அணியை வளர்த்தெடுத்த தாய்மார்களே! முன்வரிசையில் முகம் இறுகி அமர்ந்திருக்கும் பேராசிரியப் பெருமக்களே! பின்வரிசையில் பெஞ்சைத் தட்டித் தாளம் போடும் மாணவக் கண்மணிகளே! எல்லாருக்கும் மேலாக, இதோ மேடைக்கு இடப்பக்கம் நீலச்சட்டை அணிந்து நெஞ்சு நிமிர்த்தி நிற்கும் என் கூடைப்பந்துப் பெண்களே! உங்கள் அனைவரையும் தமிழ்த்துறை பெமிலா வணங்குகிறேன்.

எதற்காகக் கூடியிருக்கிறோம்? எட்டுக் கல்லூரிகள் மோதிய களத்தில் நம் பெண்கள் மூன்றாம் இடம் பெற்றார்கள். அதைக் கொண்டாடக் கூடியிருக்கிறோம். மூன்றாம் இடத்துக்கா இத்தனை தோரணம், இத்தனை மைக்செட் என்று அங்கே ஒரு தம்பி கேட்கிறார். கேள் தம்பி, நன்றாகக் கேள். முதல் மூன்று ஆட்டங்களில் நாங்கள் வாங்கிய அடியை நீ பார்த்திருந்தால், இந்தத் தோரணத்தை நீயே கட்டியிருப்பாய்.

என்னை வாழ்த்திப் பேச அழைத்தார்கள். வாழ்த்துவேன். ஆனால் அதற்கு முன் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த அடி எங்கிருந்து விழுந்தது? எதிரணியின் பலத்தாலா? இல்லை. எங்கள் பெண்களின் பலவீனத்தாலா? இல்லவே இல்லை. அந்த அடி இதோ, இந்த மைக்கைப் பிடித்து நிற்கிற கையிலிருந்து விழுந்தது.

கூடைப்பந்துக்கும் எனக்கும் என்ன உறவு? ஒன்றுமில்லை. செய்யுளை அசை பிரித்துப் பார்த்தே இருபத்திரண்டு ஆண்டுகளைக் கழித்தவள் நான். சென்ற ஆகஸ்டில் கிருஷ்ணமணி சாருக்கு முதுகில் அறுவை சிகிச்சை. மூன்று மாதம் எழக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பெண்கள் அணியோடு ஊர் ஊராகப் போக ஒரு பெண் ஆசிரியர் வேண்டும். அன்றைய ஆசிரியர் கூட்டத்துக்கு நான் பத்து நிமிடம் தாமதமாகப் போனேன். போய் உட்காருவதற்குள் அணியின் மேலாளர் ஆகியிருந்தேன். சிரிக்காதீர்கள், உண்மையாகவே அப்படித்தான் நடந்தது.

முதல்நாள் மைதானத்துக்குப் போனேன். பன்னிரண்டு பெண்கள். ஆட்டம் புரியவில்லை. ஏன் ஓடுகிறார்கள், ஏன் நிற்கிறார்கள், ஏன் விசில் ஊதுகிறார்கள் என்று ஒன்றும் புரியவில்லை. ஆனால் ஒன்று மட்டும் புரிந்தது. அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி எறிந்த பந்து மற்றவர் பந்தைப் போல் போகவில்லை.

அவள் பெயரைச் சொல்லலாமா? சொல்லத்தான் வந்தேன். அஜிஷா. வணிகவியல் இரண்டாம் ஆண்டு. அஞ்சுகிராமத்துப் பிள்ளை. அவளுடைய அப்பா வாழை பயிரிடுகிறார். அவள் பந்தை எறிந்தால் அது வளையத்துக்குப் போகாது, முதலில் வானத்துக்குப் போகும். எங்கே போகிறது இது, யார் வீட்டு மாடியில் விழப்போகிறதோ என்று நாம் பதறுவோம். அது அங்கே உயரத்தில் ஒரு கணம் நின்று, பைய, மிகப் பைய இறங்கி, வளையத்தின் கம்பியைக்கூடத் தொடாமல் வலைக்குள் நுழையும். அப்போது வலை ஓர் ஓசை எழுப்பும். சந்தமும் ஓசையும் பாடமாக நடத்துகிறவள் நான். அந்த ஓசைக்கு என்னிடம் பெயர் இல்லை. அதைக் கேட்பதற்காகவே தினமும் மாலையில் மைதானத்துக்குப் போனேன்.

அந்த ஓசையைக் கேட்டு இன்றோடு நான்கு மாதம் ஆகிறது. நீலச்சட்டை வரிசையில் அவள் இல்லை. ஏன் இல்லை? சொல்கிறேன்.

அக்டோபரில் மழை பிடித்தது. நம் மாவட்டத்து மழையைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? ஆனியிலும் பெய்யும், ஐப்பசியிலும் பெய்யும், மனமிருந்தால் இடையிலும் பெய்யும். நம் மைதானத்தின் சிமென்டுத் தரையில் பாசி படிந்தது. இரண்டு பிள்ளைகள் வழுக்கி விழுந்தார்கள். போட்டிக்கோ மூன்றே வாரம். நான் என்ன செய்தேன்? மிகப்பெரிய அறிவாளியைப் போல ஒரு வழி கண்டுபிடித்தேன். எங்கள் சபையின் மண்டபத்தைக் கேட்டு வாங்கினேன். இரும்புக் கம்பத்தில் வளையம் மாட்டி, அடியில் சக்கரம் வைத்து, உள்ளே தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினோம். சபைச் செயலாளர் சாவியைத் தரும்போது ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: “டீச்சரே, உள்ள உள்ள சாதனம் ஒண்ணுக்கும் கேடு வரப்பிடாது கேட்டியளா.” நான் வாக்குக் கொடுத்தேன்.

எங்கள் மண்டபத்துக்குள் போயிருக்கிறீர்களா? அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா? பன்னிரண்டு மின்விசிறிகள். நீண்ட கம்பிகளில் தாழத் தொங்குபவை. ஒவ்வொன்றின் இறக்கையிலும் சிவப்பு எழுத்தில் ஒரு பெயர். இன்னாரின் நினைவாக. இன்னாரின் நினைவாக. மறைந்தவர்கள் பன்னிரண்டு பேர் மேலே இருக்கிறார்கள், பந்து வைத்த பிள்ளைகள் பன்னிரண்டு பேர் கீழே இருக்கிறார்கள், நடுவில் வாக்குக் கொடுத்த நான் நிற்கிறேன். அண்ணாந்து அந்தப் பெயர்களை வாசித்தேன். உடனே சட்டம் போட்டேன். விசிறியில் பந்து படக்கூடாது. பட்டால், எறிந்தவள் அன்றைக்கு வெளியே உட்கார வேண்டும். பந்தைத் தாழ எறியுங்கள். தாழ, இன்னும் தாழ!

பிள்ளைகள் கீழ்ப்படிந்தார்கள். நம் பிள்ளைகளுக்குக் கீழ்ப்படியத்தான் சிறுவயது முதலே பழக்கியிருக்கிறோமே! பதினொரு பேர் தாழ எறிந்தார்கள். ஒருத்தியால் முடியவில்லை. மூன்றாம் நாள் அஜிஷா எறிந்த பந்து எழுந்தது, ஞானசிங் ஐயாவின் நினைவு விசிறியில் பட்டது, இறக்கை வளைந்தது.

நான் என்ன சொன்னேன் என்பதை அதே சொல்லிலேயே சொல்கிறேன். மறைக்க மாட்டேன். “ஏட்டி, இது யாருக்க ஃபேன்னு தெரியுமா? செத்துப்போன மனுசருக்க ஞாபகத்துக்கு வச்சது. உனக்க வீட்டுல உள்ளதுண்ணா இப்பிடி எறிவியா?” என்று கேட்டேன்.

அவள் பயப்படாமல் என்னைப் பார்த்தாள். “மிஸ், தாழ எறிஞ்சா வளையத்துல விழாது மிஸ்” என்றாள். அவ்வளவுதான். எதிர்த்துப் பேசவில்லை, ஏளனம் செய்யவில்லை. தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள்.

தெரியாத நான் கேட்டேனா? “நீ எனக்குப் படிப்பிக்கண்டாம். நாளைக்கு மொதல் வரண்டாம், போ” என்றேன். பதினொரு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் பந்தைச் சுவரோரம் உருட்டிவிட்டாள். பையை எடுத்தாள். செருப்பைக் கையில் பிடித்தபடியே மழைக்குள் இறங்கிப் போனாள். கூப்பிட்டிருக்கலாம். வாசல்வரை போயிருக்கலாம். நான் போகவில்லை. வளைந்த இறக்கையை நிமிர்த்த ஏணி கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருந்தேன்.

துண்டுச்சீட்டு வருகிறது. “நேரம்” என்று எழுதியிருக்கிறது. தலைவர் அவர்களே, நான்கு மாதமாகப் பொறுத்தவள் நான், நீங்கள் பத்து நிமிடம் பொறுக்க மாட்டீர்களா? கை அசைக்கிறார், பொறுப்பாராம். நன்றி ஐயா.

முதல் ஆட்டம் திருநெல்வேலியில். பதினெட்டுக்கு நாற்பத்தேழு. எங்களுக்குப் பதினெட்டு. இரண்டாம் ஆட்டம் அதைவிட மோசம். மூன்றாம் ஆட்டத்தைப் பற்றிப் பேசினால் அணித்தலைவி இந்துஜா என்னோடு ஒரு வாரம் பேசமாட்டாள். ஓட்டத்தில் குறையில்லை. பந்தைப் பறிப்பதில் குறையில்லை. வளையத்தின் அருகே வருவார்கள், எறிவார்கள், பந்து நேரே போய் வளையத்தின் முன்கம்பியில் மோதித் திரும்பிவரும். மறுபடி எறிவார்கள், மறுபடி திரும்பிவரும். கம்பி அதிரும் சத்தம் இன்னும் என் காதுக்குள் இருக்கிறது. கூட்டத்திலிருந்து ஒருவர் கத்தினார்: “ஏலே, இவளுவ கேரம்போர்டு விளையாட வந்திருக்காளுவலே!”

திரும்பி வரும் பேருந்து ஆரல்வாய்மொழி தாண்டியபோது இந்துஜா என் இருக்கைக்கு வந்து உட்கார்ந்தாள். “மிஸ், ஒண்ணு சொல்லுகேன், ஏசப்பிடாது” என்றாள்.

“சொல்லு மக்கா.”

“அங்க ஃபேனே இல்ல மிஸ். எங்களுக்குத் தெரியும். ஆனா எறியப்பம் கை தன்னால தாழுது. எல்லாருக்கும் அப்பிடித்தான். அவ அப்பமே சொன்னா, இல்லியா?”

அன்று அந்தப் பேருந்தில் நான் அழுதேன். தோற்றதற்காக அல்ல. மகளிர் தினம்தோறும் இதே மேடையில், இதே மைக்கில் நின்று, பெண்ணே நிமிர்ந்து நில், பெண்ணே உயரப் பற என்று முழங்கியவள் யார்? நான்தானே! நீங்கள் கைதட்டினீர்கள், நானும் பூங்கொத்து வாங்கிக்கொண்டு போனேன். அப்படி முழங்கிய வாயால்தான் தாழ எறி, தாழ எறி என்று மூன்று வாரம் கத்தியிருக்கிறேன். உயர எறிந்த ஒரே ஒருத்தியை மழையில் இறக்கிவிட்டிருக்கிறேன்.

மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்ததும் ஞானசிங் ஐயாவின் துணைவியார் நேசம்மாள் அவர்களின் வீட்டுக்குப் போனேன். விசிறி வளைந்து ஒரு மாதம் ஆகப்போகிறது, அவர்களிடம் ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. அம்மா அவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள், இரண்டாம் வரிசையில். இப்போதே சிரிக்கிறார்கள், என்ன சொல்லப்போகிறேன் என்று அவர்களுக்குத் தெரியும்.

தலை குனிந்து விஷயத்தைச் சொன்னேன். அம்மா என்ன சொன்னார்கள் தெரியுமா? “ஃபேனா? எங்க வீட்டுக்காரருக்கு ஃபேன் காத்தே பிடிக்காது பிள்ளே. சளி பிடிக்கும்ணு ஃபேனுக்க அடியில ஒரு நாளும் இருக்க மாட்டாரு. சபையில கேட்டாங்கண்ணு நான் வாங்கிக் குடுத்தது. பேரையும் அவங்களே எழுதிட்டாங்க. அவரு இருந்திருந்தா பந்தை வாங்கி அவரும் ஒண்ணு எறிஞ்சிருப்பாரு!” என்றார்கள். பிறகு கேட்டார்கள்: “அந்தப் பிள்ள எங்க? கூட்டிட்டு வரல்லியா? ஒரு காப்பி குடிச்சிட்டுப் போயிருக்குமே.”

யாருக்காக நான் கோபப்பட்டேன்? விசிறியின் கீழே உட்காரவே மாட்டேன் என்ற ஒரு நல்ல மனிதருக்காக! யாரை நான் கேட்டேன்? யாரையும் கேட்கவில்லை! மறைந்தவர் மனம் நோகுமோ என்று நடுங்கினேன், கண்ணெதிரே நின்ற பிள்ளையின் மனம் நோகுமே என்று ஒரு நொடி நினைத்தேனா? பெரியோர்களே, தாய்மார்களே, நம் ஊரில் எங்கே பார்த்தாலும் பெயர் எழுதி வைத்திருக்கிறோம். பெஞ்சில், சுவர்க்கடிகாரத்தில், குழல்விளக்கில், தண்ணீர்த் தொட்டியில். தவறே இல்லை, அன்பால் எழுதியவை அவை. ஆனால் அந்தப் பெயர்களுக்கு அடியில் நடமாடும் பிள்ளைகளைக் குனிந்து நட என்று சொல்வதற்கு எவர் நமக்கு உரிமை தந்தார்? மேலே இருக்கிறவர்கள் கேட்டார்களா? ஒருக்காலும் கேட்டிருக்க மாட்டார்கள்!

அன்றே மண்டபத்துச் சாவியைத் திருப்பிக் கொடுத்தோம். திறந்தவெளிக்குத் திரும்பினோம். ப்ளீச்சிங் பவுடர் தூவி, வாரியலால் தேய்த்துத் தேய்த்துப் பாசியை எடுத்தோம். மழை பெய்தால் நின்றோம், விட்டால் தண்ணீரைத் தள்ளிவிட்டு ஆடினோம். இந்துஜா விடுதியில் துணி காயப்போடும் நைலான் கயிற்றை அவிழ்த்து வந்தாள். விளக்குக் கம்பத்துக்கும் வேப்பமரத்துக்கும் இடையே உயரக் கட்டினாள். “கயித்துக்கு மேல கூடிப் போகாத பந்துக்குக் கணக்கில்ல” என்று அவளே சட்டம் போட்டாள். பிள்ளைகள் எறிந்தார்கள். கயிற்றில் பட்டது, எறிந்தார்கள், மறுபடி பட்டது, மறுபடி எறிந்தார்கள். ஒரு வாரம் கழித்து ஒரு மாலையில் முதல் பந்து கயிற்றுக்கு மேலே ஏறி, பைய இறங்கியது. பதினொரு பேரும் கத்தினார்கள். முதுகில் பட்டையோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த கிருஷ்ணமணி சார், எழக்கூடாது என்ற மருத்துவரின் சொல்லை மறந்து எழுந்து நின்றார்.

பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். நான்காவது ஆட்டம் நம் மண்ணில். ஆறு புள்ளி வித்தியாசத்தில் வென்றோம். ஐந்தாவது ஆட்டம் வென்றோம். ஆறாவது ஆட்டம் வென்றோம். ஏழாவது ஆட்டம், பின்னால் கோப்பையையே தூக்கிய திருநெல்வேலிக் கல்லூரி அணியோடு. கடைசி அரை நிமிடத்தில் ஒரு புள்ளி பின்தங்கி நிற்கிறோம். இந்துஜாவின் கையில் பந்து. எறிந்தாள். உயர எறிந்தாள்! அரங்கத்தின் கூரையைத் தொடுவதுபோல் எறிந்தாள்! பந்து வலைக்குள் விழுந்தபோது பிள்ளைகள் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கைதட்டுங்கள், இந்த இடத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் கைதட்டுங்கள்!

நான் மட்டும் கைதட்டவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் தெரியுமா? ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் பன்னிரண்டு பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும், அது மேலாளரின் வேலை. போ என்று சொன்ன நானே, ஏழு ஆட்டத்துக்கும் பன்னிரண்டாவது பெயராக அஜிஷாவின் பெயரை எழுதினேன். மேசையில் இருப்பவர் எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்பார்: “மேடம், ஒரு பிள்ளையைக் காணலியே?” நான் சொல்வேன்: “வருவாள்.” மூன்று தோல்வியிலும் சொன்னேன், வருவாள். நான்கு வெற்றியிலும் சொன்னேன், வருவாள். கடைசி ஆட்டத்தில் அவர் கேட்கவே இல்லை. நானாகச் சொன்னேன், வருவாள் என்று.

அவள் வரவில்லை. இந்துஜாவிடம் சொல்லி அனுப்பினேன், வரவில்லை. வாட்ஸ்அப்பில் குரல் பதிவு செய்தேன், அனுப்பாமல் அழித்தேன். மேடையில் அருவியாய்க் கொட்டுகிற தமிழ், அந்தப் பிள்ளையிடம் ஒரு வாக்கியம் பேச வரவில்லை. வாரத்தில் நான்கு நாள் என் பொதுத்தமிழ் வகுப்பில்தான் இருக்கிறாள். வருகைப்பதிவேட்டில் அவள் எண்ணைக் கூப்பிடுவேன். “பிரசன்ட் மிஸ்” என்பாள். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. அந்த இரண்டு சொல்லுக்காகப் பதிவேட்டை நான் எவ்வளவு மெதுவாக வாசிக்கிறேன் என்று அந்த வகுப்புக்குத் தெரியும். இன்னும் இரண்டே மாதம். பொதுத்தமிழ் இரண்டாம் ஆண்டோடு முடிந்துவிடும், அந்தக் குரலும் போய்விடும். அவளுக்கு இன்னும் ஓராண்டு ஆட்டம் இருக்கிறது. அது என் கோபத்தால் போய்விடலாமா?

அவள் இன்று வந்திருக்கிறாள். வலப்பக்கம், தூணுக்கு அருகில், தன் வகுப்புத் தோழிகளோடு. யாரும் திரும்பிப் பார்க்காதீர்கள்! அடடா, அறுநூறு தலையும் திரும்பிவிட்டது. பாருங்கள், பரவாயில்லை. பார்க்க வேண்டிய பிள்ளைதான் அவள்.

அஜிஷா! உன்னைப் பதினொரு பேர் முன்னால் ஏசினேன். அறுநூறு பேர் முன்னால் மன்னிப்புக் கேட்கிறேன். நீ சொன்னது சரி. நான் சொன்னது தவறு. உன் தோழிகள் இன்று உயர எறிகிறார்கள், ஆனாலும் நீ எறிவதுபோல் இல்லை. அவர்களே சொல்லட்டும், நீலச்சட்டைகளே, இல்லைதானே? பார், பதினொரு தலையும் ஆடுகிறது. எங்களுக்கு நீ வேண்டும். ஜெயிப்பதற்காக அல்ல, நீ இல்லாமலும் ஜெயித்துக் காட்டிவிட்டார்கள் இவர்கள். உன் பந்து மேலே போய் நிற்கிற அந்த ஒரு கணத்தை மறுபடி பார்க்க வேண்டும் என்று ஏங்குகிறோம். நான் ஏங்குகிறேன். நாளைக் காலை ஆறு மணிக்கு மைதானத்தில் பயிற்சி. வா என்று உத்தரவிடும் உரிமையை நான் இழந்துவிட்டேன். வருவாயா என்று கேட்கிறேன்.

கைதட்ட வேண்டாம். கொஞ்சம் பொறுங்கள். அவள் எழுந்து நிற்கிறாள். ஏதோ சொல்கிறாள்.

என்ன மக்கா? சத்தமாச் சொல்லு, இங்க கேக்கல்ல.

“ஆறு மணிக்கு அஞ்சுகிராமத்துல இருந்து பஸ் இல்ல மிஸ்! மொதல் பஸ்ஸே ஆறு பத்துக்குத்தான்!”

அவையோரே... அன்புடையோரே... கேட்டீர்களா? பஸ் இல்லையாம்! ஏழு மணி! பயிற்சி ஏழு மணிக்கு! கிருஷ்ணமணி சார், நீங்கள் தலையை ஆட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை, ஏழுதான்! கேட்டியா பிள்ளே, ஏழு மணி!

பொறுமையோடு கேட்ட உங்கள் எல்லாருக்கும் என் நன்றியும் வணக்கமும். இந்த மைக்கை யாராவது வந்து வாங்கிக்கொள்ளுங்கள், இனி எனக்குப் பேச வராது.